பழைய பிக்கப் டிரக்கும் கேம்பரும்: முதல் முறையாக வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் பிக்கப் டிரக்கின் முதுகில் ஏற்றிக்கொள்ளும் கேம்பர் ஒன்றைப் பழையதாக வாங்கி ஓட்டத் தொடங்கியதிலிருந்து, நண்பர்களும் அவர்களுடைய நண்பர்களும் என்னிடம் கேட்கும் ஐயங்கள் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்து வருகின்றன. தொலைபேசியில் திரும்பத் திரும்பச் சொன்னவற்றை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். நான் மெக்கானிக் அல்லன். என் முதல் கேம்பரில் பணத்தை இழந்து கற்றுக்கொண்டவன்.

டிரக் கேம்பர் என்றால் பின்னால் இழுத்துச் செல்லும் ட்ரெய்லர்தானே?

இல்லை. ட்ரெய்லருக்குச் சொந்தமாகச் சக்கரமும், சக்கரங்களைத் தாங்கும் அச்சான ஆக்சிலும் உண்டு. டிரக் அதை இழுக்கிறது. டிரக் கேம்பருக்குச் சக்கரம் கிடையாது. அது பிக்கப் டிரக்கின் பின்னால் சரக்கு ஏற்றும் திறந்த பகுதியான பெட்டுக்குள் இறங்கி உட்காரும் ஒரு சிறு வீடு. படுக்கைப் பகுதி டிரக்கின் கேபினுக்கு மேல் நீண்டிருக்கும், வாசல் பின்பக்கம் இருக்கும். தங்குமிடம் சென்றதும் நான்கு மூலைகளிலும் உள்ள ஜாக்குகளில் கேம்பரை நிறுத்திவிட்டு டிரக்கை மட்டும் வெளியே ஓட்டிச் செல்லலாம்.

இந்த வேறுபாட்டிலிருந்துதான் மற்ற எல்லாக் கேள்விகளும் பிறக்கின்றன. ட்ரெய்லரில் எடையின் பெரும்பகுதி அதன் சொந்த ஆக்சில் மீது இருக்கும். கேம்பரிலோ முழு எடையும் டிரக்கின் மீது, அதிலும் பெரும்பகுதி பின் ஆக்சில் மீது இறங்குகிறது. ஆகவே விளம்பரங்களில் பெரிய எழுத்தில் போடப்படும் இழுவைத் திறன் எண்ணுக்கு இங்கே பொருளே இல்லை. பார்க்க வேண்டியது பேலோட் எனப்படும் சுமக்கும் திறன் மட்டுமே.

முதலில் டிரக்கை வாங்குவதா, கேம்பரை வாங்குவதா?

கேம்பரை முதலில் தேர்ந்தெடுங்கள். டிரக்கை முதலில் வாங்கினாலும் பாதகமில்லை, ஆனால் எந்தக் கேம்பர் என்று முடிவு செய்யாமல் வாங்காதீர்கள். எத்தனை பேர் தூங்க வேண்டும், கழிப்பறை உள்ளே வேண்டுமா, குளிர்காலத்திலும் செல்வீர்களா என்பவை கேம்பரை முடிவு செய்கின்றன; கேம்பரின் எடை டிரக்கை முடிவு செய்கிறது. என்னிடம் வருபவர்களில் பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, கையில் இருக்கும் டிரக்குக்குப் பொருந்தும் கேம்பரைத் தேடி மாதக்கணக்கில் அலைகிறார்கள்.

அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்கிறார்களே, அவ்வளவுதான் ஏற்ற முடியுமா?

அவை பழைய காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வரும் பெயர்கள். ஃபோர்டு எஃப்-150, ராம் 1500, சில்வராடோ 1500 ஆகியவற்றை அரை டன் என்றும், எஃப்-250 மற்றும் 2500 வரிசையை முக்கால் டன் என்றும், எஃப்-350 மற்றும் 3500 வரிசையை ஒரு டன் என்றும் அழைக்கிறார்கள். இன்றைய அரை டன் டிரக் அரை டன்னுக்கு மேலேயே சுமக்கும். ஆனால் ஒரே மாடல், ஒரே ஆண்டு என்றாலும் இரண்டு டிரக்குகளின் பேலோட் பல நூறு பவுண்டு வேறுபடும்; இன்ஜின், கேபின் அளவு, நான்கு சக்கர இயக்கம், உள்ளலங்காரம் ஆகிய ஒவ்வொன்றும் அதைக் குறைக்கும்.

எனவே பெயரையும் விளம்பரச் சிற்றேட்டையும் விட்டுவிட்டு, ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் டயர் மற்றும் சுமை விவரச் சீட்டைப் பாருங்கள். பயணிகளும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அந்த டிரக்குக்கென்றே அச்சிட்ட எண் பெரும்பாலும் அதில் இருக்கும். அருகில் உள்ள இன்னொரு சீட்டில், வாகனத்தின் மொத்த எடை வரம்பான ஜிவிடபிள்யூஆர் என்ற எண்ணும், முன் ஆக்சில், பின் ஆக்சில் ஒவ்வொன்றுக்குமான வரம்பும் இருக்கும். விற்பவரிடம் பேசும் முதல் நாளிலேயே இந்த இரண்டு சீட்டுகளின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்குபவரைத் தேடிப் போக வேண்டியதில்லை.

அந்த எண் டிரக் தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நிலைக்கானது. பிறகு பூட்டிய கருவிப்பெட்டி, இரும்பு பம்பர், ஏறுபடி ஆகியவற்றின் எடையை நீங்கள்தான் கழித்துக்கொள்ள வேண்டும்.

கேம்பர் 2,600 பவுண்டு, டிரக் 3,000 பவுண்டு தாங்கும். போதும்தானே?

போதாது. விளம்பரத்தில் வரும் எண் பெரும்பாலும் ‘டிரை வெயிட்’, அதாவது தண்ணீரும் எரிவாயுவும் பேட்டரியும் பொருள்களும் இல்லாத வெற்று எடை. சில சமயம் ஏசி, வெயில் மறைப்பு போன்ற கூடுதல் பொருத்தங்கள்கூட அதில் சேர்ந்திருக்காது. நான் ஒரு நண்பருக்காகத் தாளில் போட்ட கணக்கைச் சொல்கிறேன். வெற்று எடை 2,600. ஏசி, ஜெனரேட்டர் முதலிய கூடுதல் பொருத்தங்கள் 250. ஒரு கேலன் தண்ணீரின் எடை 8.34 பவுண்டு என்பதால் 30 கேலன் தொட்டி நிரம்பினால் 250. இரண்டு புரொப்பேன் சிலிண்டர்கள் நிரம்பிய நிலையில் 75. இரண்டு பேட்டரிகள் 130. உடை, உணவு, பாத்திரம், நாற்காலி என்று 350. கேம்பரைக் கட்டும் சங்கிலிகளும் கொக்கிகளும் 75. முன்னிருக்கையில் இருவர் 330. மொத்தம் 4,060 பவுண்டு.

அவர் 3,000 பவுண்டு டிரக்கை வாங்கும் நிலையில் இருந்தார். முழு வசதிகள் கொண்ட, சுவர் மடங்காத கேம்பருக்கு, பின்னால் நான்கு சக்கரம் கொண்ட ஒரு டன் டிரக்கைத்தான் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றால் அதற்கு இந்தக் கூட்டல் கணக்குத்தான் காரணம்.

டீசல் டிரக் வாங்கினால் இந்தக் கவலை இருக்காதே? டீசல்தானே பலம்?

டீசல் இன்ஜின் இழுப்பதில் பலசாலி. சுமப்பதில் அது பெரும்பாலும் பாதகம். டீசல் இன்ஜினே பெட்ரோல் இன்ஜினைவிடப் பல நூறு பவுண்டு கூடுதல் எடை கொண்டது. அந்த எடை பேலோடிலிருந்து கழிகிறது. முக்கால் டன் டிரக்குகள் பலவற்றில் ஜிவிடபிள்யூஆர் 10,000 பவுண்டு என்று நிறுத்தப்பட்டிருப்பதால், அதே வரம்புக்குள் டீசல் இன்ஜினும் பெரிய கேபினும் நான்கு சக்கர இயக்கமும் சேரும்போது மிஞ்சுவது ஏமாற்றமளிக்கும். கதவுச் சீட்டில் 2,000 பவுண்டைச் சற்றே தாண்டிய எண்ணைக் கண்டு திகைத்தவர்கள் உண்டு.

பழைய டீசலில் இன்னொரு பொறியும் இருக்கிறது. 2007-க்குப் பிந்தைய டீசல் பிக்கப்புகளில் புகையை வடிகட்டும் டிபிஎஃப் என்ற அமைப்பு இருக்கும். பராமரிப்புச் செலவுக்கு அஞ்சிச் சில உரிமையாளர்கள் அதைக் கழற்றிவிட்டு இன்ஜின் மென்பொருளையும் மாற்றியிருப்பார்கள். இது கூட்டாட்சித் தூய காற்றுச் சட்டத்துக்கு எதிரானது; புகைச் சோதனை உள்ள மாநிலத்தில் அந்த டிரக்கைப் பதிவு செய்யவே முடியாமல் போகலாம். ‘டிலீட் செய்தது, நன்றாக ஓடும்’ என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி விடுங்கள்.

ஏர் பேக் போட்டுவிட்டால் கூடுதல் எடை ஏற்றலாம் என்று விற்பவர் சொல்கிறாரே?

பின் சஸ்பென்ஷனில் பொருத்தும் காற்றுப் பைகளும் துணை ஸ்பிரிங்குகளும் டிரக்கின் பின்பக்கம் தாழாமல் நிறுத்தும், ஆட்டத்தைக் குறைக்கும். அதற்காக நானும் பொருத்தியிருக்கிறேன். ஆனால் அவை ஆக்சிலையோ பிரேக்கையோ சக்கரத்தையோ டிரக்கின் அடிச்சட்டமான ஃப்ரேமையோ பலப்படுத்துவதில்லை. கதவுச் சீட்டின் எண் அப்படியே இருக்கும். டிரக் மட்டமாக நிற்பதால் சுமை சரியாக இருப்பதுபோல் தோன்றும், அவ்வளவுதான்.

எல்லாக் கேம்பரும் எல்லா டிரக்கிலும் உட்காருமா?

உட்காராது. டிரக் பெட் சுமார் ஐந்தரை அடி, ஆறரை அடி, எட்டு அடி என்று மூன்று நீளங்களில் வருகிறது. எட்டு அடி பெட்டுக்கென்று செய்த கேம்பரை ஆறரை அடி பெட்டில் ஏற்றினால் அதன் பின்பகுதி வெளியே நீண்டு, எடையின் மையம் பின்னுக்குப் போய்விடும். கேம்பரின் ஈர்ப்பு மையம் பின் ஆக்சிலுக்குச் சற்று முன்னால் விழ வேண்டும். பின்னால் விழுந்தால் கேம்பர் ஒரு நெம்புகோலாக மாறி டிரக்கின் முன்பக்கத்தைத் தூக்கும். ஸ்டியரிங் லேசாகும், முன் பிரேக்கின் பிடிப்பு குறையும். கேம்பரின் பக்கவாட்டில் ஈர்ப்பு மையம் எங்கே என்று ஓர் ஒட்டுச் சீட்டில் குறித்திருப்பார்கள். டிரக்குடன் வரும் ஆவணத்தில் அந்த மையம் எந்த எல்லைக்குள் இருக்க வேண்டும் என்ற படம் இருக்கும். இரண்டையும் அளவு நாடாவால் ஒப்பிட்டுப் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

பெட்டில் வழுவழுப்பான பிளாஸ்டிக் லைனர் கிடந்தால் எடுத்துவிட்டு ரப்பர் விரிப்பு போடுங்கள்; பிளாஸ்டிக் மீது கேம்பர் வழுக்கும்.

பழைய டிரக்கில் எதைப் பார்த்து வாங்குவது?

இன்ஜின், கியர்பாக்ஸ் பற்றி உங்களுக்குத் தெரியாது என்றால் விற்பவரோடு தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரிடம் காட்டுங்கள். அதற்குத் தரும் பணம் வீண் அல்ல. நீங்களே பார்க்கக் கூடியவை மூன்று. முதலாவது, ஃப்ரேம். பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் வட மாநிலங்களில் ஓடிய டிரக்கில் மேலே வண்ணம் பளபளக்க, கீழே ஃப்ரேம் செதில் செதிலாக உதிரும். படுத்துப் பார்த்து, சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலிக்க வேண்டும். கீழே மட்டும் புதுக் கறுப்பு வண்ணம் பூசியிருந்தால் எதை மறைத்தார்கள் என்று கேளுங்கள்.

இரண்டாவது, டயர். பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பத்து ஆண்டைத் தொட்ட டயரின் மேல் கேம்பரை ஏற்றக் கூடாது. டயரின் சுமை வரம்பு குறைந்தது ‘இ’ (E) பிரிவாக இருக்க வேண்டும். முந்தைய உரிமையாளர் அழகுக்காக மாற்றிய பெரிய சக்கர வளையங்களுக்கும் எடை வரம்பு உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது, காகிதம். எழுத்தும் இலக்கமுமாக 17 குறிகள் கொண்ட விஐஎன் என்ற வாகன அடையாள எண்ணை வைத்து என்எம்விடிஐஎஸ் என்ற தேசிய உரிமை ஆவணத் தரவுத்தளத்தின் அறிக்கையை வாங்கினால், டிரக் விபத்திலோ வெள்ளத்திலோ கழித்துக்கட்டப்பட்டதா என்று தெரியும். நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ-வின் தளத்தில் அதே எண்ணைப் போட்டால் குறைபாட்டுக்காக நிறுவனம் அறிவித்து இன்னும் சரிசெய்யப்படாத திரும்பப் பெறுதல்களின் விவரம் இலவசமாகக் கிடைக்கும். ஓடிய மைல் எண்ணிக்கையை விற்பவர் எழுதித் தர வேண்டும் என்ற கூட்டாட்சி விதி 2011 மாடல் முதல் 20 ஆண்டுகளுக்குப் பொருந்தும். 2010 மற்றும் அதற்கு முந்தைய மாடல்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லாததால், ஓடோமீட்டர் எண்ணை ஒரு தகவலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேம்பரில் முதலில் பார்க்க வேண்டியது எது? ஃபிரிட்ஜா, அடுப்பா, ஏசியா?

தண்ணீர். அதாவது உள்ளே புகுந்த மழைத் தண்ணீர். ஃபிரிட்ஜ் கெட்டால் ஃபிரிட்ஜை மாற்றலாம். சுவருக்குள் புகுந்த நீரால் மரச்சட்டம் மக்கிப்போனால் கேம்பரையே மாற்ற வேண்டியதுதான். என் முதல் கேம்பரை நான் வெயில் நாளில், டிரக்கின் மேலேயே வைத்துப் பார்த்து, உள்ளே வாசனைத் திரவியம் கமழ்ந்ததை நல்ல பராமரிப்பின் அடையாளமாக நினைத்து வாங்கினேன். முதல் மழையில் வாசனை போய்ப் பூஞ்சை நாற்றம் வந்தது. விற்பவர் அதற்குப் பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை.

எனவே முடிந்தால் மழை பெய்த மறுநாள் போங்கள். உள்ளே நுழைந்தவுடன் மூச்சை இழுத்துப் பாருங்கள். கேபினுக்கு மேல் நீளும் படுக்கைப் பகுதிதான் முதலில் கசியும் இடம். காற்றும் மழையும் நேராக அதன் முகத்தில் அடிக்கின்றன. மெத்தையைத் தூக்கி, அடியில் உள்ள பிளைவுட்டை உள்ளங்கையால் அழுத்துங்கள், மூலை மூலையாக. மேல் அலமாரிகளைக் காலி செய்யச் சொல்லி அவற்றின் உள் மூலைகளில் கறை இருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். கூரை மேல் ஏறி, காற்றுப் போக்கிகள், ஏசி, ஏணி, ஓர விளக்குகள் ஆகியவை பொருந்தும் இடங்களில், இடுக்கை அடைக்கும் பசையான சீலன்ட் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கே கடையில் வாங்கிய சாதாரண சிலிக்கானை அப்பியிருந்தால் அது இரண்டு சேதிகளைச் சொல்கிறது: கசிவு இருந்திருக்கிறது, அதை அடைக்கத் தெரியாதவர் அடைத்திருக்கிறார். சிலிக்கான் மேல் வேறு எந்தச் சீலன்ட்டும் ஒட்டாது என்பதால், முழுவதையும் சுரண்டி எடுத்த பிறகே சரியாக அடைக்க முடியும்.

இரண்டு இடங்களைப் பெரும்பாலானோர் பார்ப்பதே இல்லை. ஒன்று, ஜாக்குகள் பொருந்தியிருக்கும் மூலைகள். கேம்பரின் முழு எடையும் அந்த போல்ட்டுகளில் தொங்குவதால், உள்ளே மரம் மக்கியிருந்தால் ஜாக் தகடு சுவரிலிருந்து விலகி நிற்கும். ஒரு மில்லிமீட்டர் இடைவெளிகூட நல்ல அறிகுறி அல்ல. மற்றொன்று, அடித்தளம். கேம்பர் டிரக்கில் உட்கார்ந்திருக்கும்வரை அது கண்ணுக்கே தெரியாது. ஆகவே கேம்பரை ஜாக்கில் தூக்கி டிரக்கை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். இதனால் நான்கு ஜாக்குகளும் வேலை செய்கின்றனவா என்ற சோதனையும் தானாக முடிந்துவிடும். முப்பது, நாற்பது டாலருக்குக் கிடைக்கும் ஈரமானி ஒன்றை எடுத்துச் சென்றால் இன்னும் நல்லது. மரத்தில் 20 சதவீதத்தைத் தாண்டிக் காட்டினால் அங்கே பிரச்சினை தொடங்கிவிட்டது என்று கொள்ளுங்கள்.

வெளிச்சுவர் ஓரிடத்தில் மட்டும் லேசாக உப்பியிருக்கிறது. ‘வெறும் காற்றுக் குமிழி’ என்கிறார். விலையும் குறைத்துத் தருகிறார்.

அது காற்று அல்ல. ஃபைபர்கிளாஸ் மேல்தோல் உள்ளே உள்ள பலகையிலிருந்து பிரிந்து வருகிறது. பசை விட்டதற்குக் காரணம் பெரும்பாலும் முந்தைய பதிலில் சொன்ன தண்ணீர்தான். கண்ணுக்குத் தெரியும் பரப்பைவிடச் சேதம் பெரிதாகவே இருக்கும். நீங்களே தச்சு வேலை தெரிந்தவர், ஒரு குளிர்காலத்தை அதற்கே ஒதுக்கத் தயார் என்றால் குறைந்த விலைக்கு வாங்கலாம். மற்றவர்களுக்கு, இலவசமாகக் கொடுத்தாலும் அது செலவு.

வயது கூடிய கேம்பர்தான் வேண்டும் என்றால், மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டே ஓடுகளாக வார்த்துச் சேர்த்த ஃபைபர்கிளாஸ் கேம்பர்களைத் தேடுங்கள். பிக்ஃபுட், நார்தர்ன் லைட் ஆகியவை அவ்வகை. மூட்டுகள் குறைவு என்பதால் கசிய இடமும் குறைவு. விலை அதற்கேற்ப இறங்காமல் நிற்கும்.

கூரை மேலே எழும்பும் பாப்-அப் கேம்பர் இலேசானதாமே?

ஆம். பாதிச் சுவர் துணியாக இருப்பதால் எடையும் உயரமும் குறையும். அலுமினியச் சட்டம் கொண்டவை சில, நல்ல பேலோட் உள்ள அரை டன் டிரக்கிலும் பொருந்தும். குளிரிலும் கூச்சலிலும் துணி துணிதான். பழையதில் துணியின் மடிப்புகளையும் கூரையைத் தூக்கும் அமைப்பையும் மட்டும் கூடுதலாகப் பாருங்கள்.

ஃபிரிட்ஜ், கேஸ், தண்ணீர்க் குழாய் எல்லாம் விற்பவர் வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

முடியும்; ஆனால் முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். பழைய கேம்பர்களின் ஃபிரிட்ஜ் பெரும்பாலும் கம்ப்ரஸர் இல்லாமல், வெப்பத்தால் அம்மோனியாவைச் சுழற்றிக் குளிரூட்டும் வகை. அது குளிர்வதற்குப் பல மணி நேரம் ஆகும் என்பதால், முந்தைய இரவே எரிவாயுவில் ஓட விடச் சொல்லுங்கள். பிறகு கரண்டிலும் ஓடுகிறதா என்று பாருங்கள். ஃபிரிட்ஜின் பின்னால் உள்ள வெளிப்புறக் கதவைத் திறந்தால் அம்மோனியா நெடியோ மஞ்சள் படிவோ இருந்தால் குளிரூட்டும் பகுதி போய்விட்டது. மாற்றும் செலவு ஆயிரம் டாலரைத் தாண்டும்.

தண்ணீர் பம்பை இயக்கிவிட்டு எல்லாக் குழாய்களையும் மூடுங்கள். பம்ப் நின்றுவிட வேண்டும். விட்டு விட்டு ஓடினால் எங்கோ கசிகிறது. குளிர் மாநிலத்துக் கேம்பரில் குழாய்களில் நீரை வடித்து, நச்சில்லாத இளஞ்சிவப்பு உறைதடுப்புத் திரவம் ஊற்றி வைக்காமல் ஒரு குளிர்காலத்தைக் கழித்திருந்தால், வெந்நீர்த் தொட்டியும் குழாய் மூட்டுகளும் வெடித்திருக்கக் கூடும். புரொப்பேன் கசிவு எச்சரிப்பானின் பின்புறத் தேதியையும் பாருங்கள். அதன் ஆயுள் சுமார் 5 முதல் 7 ஆண்டுதான். அது காலாவதியானதை நான் குறையாக எடுத்துக்கொள்வதில்லை; ஆனால் முதல் இரவு தூங்குவதற்கு முன் மாற்றிவிட வேண்டும்.

டீலரிடம் வாங்கினால் பாதுகாப்பு கூடுதல்தானே?

நினைப்பதைவிடக் குறைவு. பழைய கார் விற்கும் டீலர்கள் ஜன்னலில் உத்தரவாத விவரத் தாளை ஒட்ட வேண்டும் என்ற கூட்டாட்சி விதி, 8,500 பவுண்டுக்குக் குறைவான ஜிவிடபிள்யூஆர் கொண்ட வாகனங்களுக்கே உரியது. கேம்பர் சுமக்கத் தகுதியான பெரிய டிரக்குகள் அந்த வரம்புக்கு வெளியே போய்விடுகின்றன. இன்ஜினே இல்லாத கேம்பருக்கு அது பொருந்தவே பொருந்தாது. தனியாரிடம் வாங்கினால் ‘இருக்கும் நிலையில்’ என்பதுதான் ஒப்பந்தம். இரண்டு இடத்திலும் உங்கள் பாதுகாப்பு வாங்குவதற்கு முன் செய்யும் சோதனையே. தங்கள் கண்ணில் நம்பிக்கை இல்லாதவர்கள், என்ஆர்விஐஏ என்ற ஆய்வாளர் சங்கத்தின் சான்று பெற்ற ஒருவரை அமர்த்தலாம்.

கேம்பருக்கு டைட்டில் (உரிமை ஆவணம்) இல்லை என்கிறார். திருட்டுச் சொத்தாக இருக்குமோ?

அப்படி முடிவு செய்ய வேண்டியதில்லை. சக்கரம் இல்லாத கேம்பரைப் பல மாநிலங்கள் வாகனமாகவே கருதுவதில்லை. அது டிரக்கில் ஏற்றிய சரக்கு. சில மாநிலங்கள் டைட்டில் தருகின்றன. எனவே விற்பவரின் மாநிலம், உங்கள் மாநிலம் இரண்டின் வாகனப் பதிவு அலுவலகங்களிலும் கேட்டுவிடுங்கள். டைட்டில் இல்லாத மாநிலத்தில் வாங்கி டைட்டில் கேட்கும் மாநிலத்துக்குக் கொண்டுவரும்போதுதான் தலைவலி வரும். கேம்பரின் வரிசை எண், இருவர் பெயர், தேதி, விலை ஆகியவற்றோடு கையெழுத்திட்ட விற்பனைச் சீட்டைக் கட்டாயம் வாங்குங்கள். அந்த எண் கேம்பரின் தகட்டில் உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். தகடு பிடுங்கப்பட்டிருந்தால் வாங்காதீர்கள். கடன் பாக்கி இல்லை என்ற எழுத்தும் தேவை.

இன்ஷூரன்ஸும் இதே போன்றதுதான். டிரக்கின் பாலிசி தானாகக் கேம்பரைச் சேர்த்துக்கொள்ளும் என்று நம்பாமல், கேம்பரைத் தனியாகக் குறிப்பிட்டு எழுத்தில் பெறுங்கள்.

டிரக்கையும் கேம்பரையும் ஜோடியாகவே ஒருவர் விற்கிறார். பல ஆண்டு ஓட்டியிருக்கிறார். அப்படியானால் எடைப் பொருத்தம் நிச்சயம்தானே?

ஜோடியாக வாங்குவதில் உண்மையான நன்மைகள் உண்டு. கேம்பரைக் கட்டும் கொக்கி அமைப்புகளில் ஃப்ரேமில் பொருத்துபவை டிரக் மாடலுக்கு மாடல் வேறுபடும். மின் இணைப்பும் அப்படியே. அவை எல்லாம் தயாராக இருக்கும். ஆனால் பல ஆண்டு ஓட்டினார் என்பதற்கு, பல ஆண்டு அதிகச் சுமையோடு ஓட்டினார் என்ற பொருளும் இருக்கலாம். அப்படியானால் பின் ஸ்பிரிங், பிரேக், ஆக்சில் பேரிங் ஆகியவை அந்த ஆண்டுகளின் விலையைக் கொடுத்திருக்கும். மீதியை நீங்கள் கொடுப்பீர்கள்.

நிச்சயப்படுத்த ஒரே வழி எடை மேடை. நெடுஞ்சாலை டிரக் நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் என்ற மேடைகள் இருக்கின்றன. முன் சக்கரங்கள் ஒரு பலகையிலும் பின் சக்கரங்கள் அடுத்ததிலும் நிற்கும்படி நிறுத்தினால், ஒவ்வோர் ஆக்சில் எடையும் மொத்தமும் அச்சிட்டுக் கிடைக்கும். சோதனை ஓட்டத்தை அங்கே முடியுங்கள். கட்டணம் சிறியது. சீட்டின் எண்களைக் கதவுச் சீட்டோடு ஒப்பிடும்போது, மொத்தத்தை மட்டும் பார்க்காமல் பின் ஆக்சிலைத் தனியாகப் பாருங்கள். மொத்தம் வரம்புக்குள் இருந்து பின் ஆக்சில் மட்டும் தாண்டியிருப்பது கேம்பரில் சாதாரணமாக நடப்பது. தண்ணீர்த் தொட்டி காலியாக இருந்தால் அந்த எடையைக் கூட்டிக்கொள்ள மறக்க வேண்டாம்.

ஓட்டும்போது பிள்ளைகள் கேம்பருக்குள் படுத்துக்கொள்ளலாமா?

சில மாநிலங்கள் நிபந்தனைகளோடு அனுமதிக்கின்றன, சில தடை செய்கின்றன. அனுமதி இருந்தாலும் வேண்டாம். உள்ளே சீட் பெல்ட் கிடையாது. குடும்பத்துக்கு இடம் போதாது என்றால் பெரிய கேபின் கொண்ட டிரக்கைத் தேடுங்கள்; அதன் எடை பேலோடைக் குறைக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

உயரம் பற்றி அவ்வளவு பயப்பட வேண்டுமா?

கேம்பரை ஏற்றிய நிலையில், ஏசியின் உச்சிவரை நாடாவால் அளந்து, அந்த எண்ணை ஸ்டியரிங் எதிரே ஒட்டி வையுங்கள். வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் 11 அடி 8 அங்குல உயரமே இருந்த ரயில் பாலம் ஒன்று வாடகை லாரிகளின் கூரைகளை உரித்தே புகழ்பெற்றது. 2019-இல் அதை 8 அங்குலம் உயர்த்திய பிறகும் மோதல்கள் நிற்கவில்லை. ஏசி பொருத்திய கேம்பர்கள் பல அந்த உயரத்தை எட்டுபவை. உணவகத்தின் வாகன வழிக் கூரை பெரும்பாலும் இன்னும் தாழ்வானது.

ஏற்கெனவே வாங்கிவிட்டேன். எடை போட்டுப் பார்த்தால் 400 பவுண்டு கூடுதல். இப்போது என்ன செய்வது?

முதலில் எந்த வரம்பு தாண்டியிருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். பின் ஆக்சில் வரம்போ டயரின் வரம்போ தாண்டியிருந்தால், சரிசெய்யும்வரை கேம்பரை ஏற்றி ஓட்டாதீர்கள். டயர் வெடிப்பது பெரும்பாலும் வெயில் நாளின் நெடுஞ்சாலையில்தான். இரண்டுக்கும் உள்ளேயே இருந்து ஜிவிடபிள்யூஆர் மட்டும் தாண்டியிருந்தால் எடையைக் குறைக்கும் வழிகளைத் தேட நேரம் இருக்கிறது. ஆனால் விபத்து என்று வந்தால் அந்த எண் உங்களுக்கு எதிராக நிற்கக் கூடும்.

குறைக்கும் இடங்கள் உண்டு. 30 கேலன் தண்ணீரை வீட்டில் நிரப்பாமல், 5 கேலனோடு கிளம்பித் தங்குமிடத்தில் நிரப்பினால் 200 பவுண்டுக்கு மேல் போய்விடும். கழிவுத் தொட்டிகளைக் கிளம்பும் முன் காலி செய்வதும் அதே கணக்கு. ஜெனரேட்டரைக் கழற்றிச் சூரிய ஒளித் தகட்டுக்கு மாறி, ஈயப் பேட்டரிகளையும் லித்தியத்துக்கு மாற்றியவர்கள் நூறு பவுண்டுக்கு மேல் மிச்சப்படுத்தியிருக்கிறார்கள். பிறகு கேம்பரின் அலமாரிகளை முழுதாக வெளியே எடுத்து, கடந்த மூன்று பயணங்களில் தொடாத பொருளைத் திரும்ப வைக்காதீர்கள். என் மனைவி என்னுடைய கருவிப்பெட்டியிலிருந்துதான் தொடங்கினாள், அதில் மட்டும் 60 பவுண்டு போயிற்று.

இவ்வளவும் செய்து மீண்டும் மேடையில் ஏற்றிய பிறகும் எண் வரம்புக்கு மேலேயே நின்றால், டிரக்கை விற்றுவிட்டுப் பெரியதை வாங்குவதா, கேம்பரை விற்றுவிட்டுச் சிறியதை வாங்குவதா என்று பாருங்கள். நல்ல நிலையில் உள்ள, கசியாத கேம்பர் கிடைப்பதுதான் அரிது. என்னைக் கேட்டால் டிரக்கை மாற்றச் சொல்வேன்.